பிரிக்கிறதா, திறக்கிறதா?

சென்னையில் ஒரு கல்லூரி விடுதி. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், அறையில் ஐந்தாறு பேர். ஒடிசாவிலிருந்து வந்து பி.காம். சேர்ந்திருந்த பையன் ஒருவன், முப்பது நாளில் தமிழ் கற்றுத் தருவதாகச் சத்தியம் செய்யும் புத்தகம் ஒன்றை வாங்கி, பத்தொன்பதாவது நாள் வரை வந்திருந்தான். படித்ததைப் பேசிப் பார்க்கும் ஆசையில் மேஜைமேல் இருந்த சிப்ஸைக் காட்டி, "இந்தப் பாக்கெட்டைத் திறக்கலாமா?" என்று கேட்டான்.

அறை முழுக்கச் சிரிப்பு. "அதுக்கு என்ன கதவா இருக்கு, திறக்கிறதுக்கு? பிரிக்கலாமான்னு கேளுடா!"

அவன் விடவில்லை. கதவைத் திற, ஜன்னலைத் திற, பெட்டியைத் திற என்றெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே, பாக்கெட்டை மட்டும் ஏன் திறக்கக்கூடாது என்றான். நியாயமான கேள்வி. சிரித்தவர்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. "அது அப்படித்தான்டா" என்பதோடு விஷயம் முடிந்தது. சிப்ஸும் முடிந்தது.

ஆனால் கேள்வி முடியவில்லை. உண்மையில் தமிழில், மூடிக் கட்டி வைத்த ஒரு பொருளை எடுப்பதற்கு ஒற்றை வினைச்சொல் கிடையாது. எப்படி மூடியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வினை வருகிறது. மூடி இருந்தால் திறக்க வேண்டும். முடிச்சு இருந்தால் அவிழ்க்க வேண்டும். தோல் இருந்தால் உரிக்க வேண்டும். ஓடு இருந்தால் உடைக்க வேண்டும். மடிப்போ, ஒட்டோ, சுற்றோ இருந்தால் பிரிக்க வேண்டும். தலைவாசலில் நின்றுகொண்டு "வாழைப்பழத்தைத் திற" என்று சொன்னால் வீட்டில் டாக்டரைக் கூப்பிடுவார்கள்.

இதில் வேடிக்கையானது சோடா. கோலி சோடாவை இன்றைக்கும் "உடைத்துக் கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே அடைத்த வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். கட்டைவிரலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் கோலி இறங்கும். எதுவும் உடையவில்லை, பாட்டில் முழுசாகக் கடைக்குத் திரும்பிப் போகிறது. உடைவது அந்த 'டப்' சத்தம் மட்டும்தான். காதால் கேட்டு வைத்த வினை. (மலையாளத்தில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே பிஸ்கட் பாக்கெட்டையே 'பொட்டிக்க' வேண்டும், அதாவது உடைக்க வேண்டும். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து தங்கும் மாணவர்களிடம் பிஸ்கட் கொடுக்கும்போது கவனம்.)

சரி, திறப்பதற்கும் பிரிப்பதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்க்கலாம். இரும்புப் பெட்டியைத் திறக்கிறோம், அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறோம். டிபன் பாக்ஸைத் திறக்கிறோம், இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். திறந்ததை மறுபடி மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது. பிரித்ததை மறுபடி பழையபடி ஆக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒட்டி வைத்தாலும், வீட்டில் யாராவது ஒருவர் "இதை யார் பிரிச்சது?" என்று கேட்டே தீருவார். 'யார் திறந்தது' என்று கேட்டால் அது விசாரிப்பு. 'யார் பிரிச்சது' என்று கேட்டால் அது குற்றப்பத்திரிகை.

புத்தகத்தையும் பேப்பரையும்கூடப் பிரித்துப் படிக்கிறோம், அவற்றை மூட முடிகிறதே என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். பழக்கத்தில் உள்ள மொழிக்கு ஒன்றிரண்டு விதிவிலக்கு இல்லாவிட்டால் அது மொழியே இல்லை.

'பிரி' ஒரு விசித்திரமான சொல். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தது நினைவிருக்கும். பிரிந்தான் என்றால் தானே விலகிப் போனான். பிரித்தான் என்றால் வேறொன்றை விலக்கினான். ஒரே வேர்தான், ஒரு 'ந்'தும் ஒரு 'த்'தும்தான் வித்தியாசம். நண்பர்கள் பிரிகிறார்கள், பாகம் பிரிக்கிறார்கள், தையலைப் பிரிக்கிறார்கள், மழைக்கு முன்னால் கூரையைப் பிரித்து மேய்கிறார்கள். பழைய கூரையைப் பிரித்துப் போட்டுப் புதிதாக வேய்வதைத்தான் 'மேய்வது' என்பது. அதிலிருந்து வந்ததோ, வைக்கோல் போரைப் பிரித்துப் போட்டு மாடு மேய்ந்ததிலிருந்து வந்ததோ, இன்றைக்குக் கிரிக்கெட்டில் நாலு சிக்ஸர் அடித்தால் "பிரிச்சு மேய்ஞ்சுட்டான்" என்கிறார்கள். கடைசியில் உயிரும் பிரிகிறது.

தமிழ்ப் பரீட்சையில் 'பிரித்து எழுதுக' என்று ஒரு கேள்வி வரும், பக்கத்திலேயே 'சேர்த்து எழுதுக' என்றும் வரும். பிரித்ததை அப்படியே திரும்பச் சேர்த்துவிட முடிகிற ஒரே இடம் அந்தக் கேள்வித்தாள்தான். இரண்டு மதிப்பெண்ணும் கிடைக்கும்.

பொட்டலம் பிரிப்பது ஒரு காலத்தில் நிதானமான வேலை. மளிகைக் கடையில் உத்தரத்தில் நூல்கண்டு தொங்கும். அண்ணாச்சி பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, பருப்பைக் கொட்டி, வாயை மடித்து, மேலிருந்து நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி ஒரு சுண்டு சுண்டுவார். முடிச்சு மாதிரி இருக்கும், ஆனால் முடிச்சு இல்லை. வீட்டில் நுனி தெரிந்து இழுத்தால் மொத்தமும் கழன்று வரும். அந்த நூலை அம்மாக்கள் ஒரு குச்சியில் சுற்றி வைத்துக்கொள்வார்கள், பூ கட்ட ஆகும். பேப்பரைத் தடவிச் சுருக்கம் எடுத்து, அதில் பாதியில் நிற்கிற தொடர்கதையைப் படித்துவிட்டு, அலமாரித் தட்டில் விரிப்பார்கள். பிரித்த பிறகு குப்பை என்று எதுவும் மிஞ்சாது. பிரிப்பவருக்குக் கத்தரிக்கோல் தேவையில்லை, பொறுமை போதும்.

இதை மாற்றியதில் நம்மூர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. பி.காம். மார்க்கெட்டிங் வகுப்பில் தப்பாமல் வருகிற கதை இது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பெரிய பாட்டில் வாங்க வசதி இல்லாதவர்களும் வாங்கட்டும் என்று சின்னச் சின்னப் பைகளில் பொருளை அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய தொழில், சிக் ஷாம்பு வழியாக வளர்ந்து கவின்கேர் ஆனது. ஷாம்பு வாங்க முடியாத வீடுகளுக்குள் ஷாம்பு போனது. நல்ல காரியம்தான். ஆனால் கூடவே வினையும் மாறிப் போனது. ஷாம்புப் பையை யாரும் பிரிப்பதில்லை. கிழிக்கிறார்கள். ஈரக் கையால் கிழிபடாதபோது பல்லால் கடிக்கிறார்கள். நூல் இழுத்துப் பிரித்த நிதானம் போய், ஓரத்தில் அச்சடித்த புள்ளிக்கோட்டைத் தேடி அலைகிற காலம் வந்துவிட்டது. (அந்தப் புள்ளிக்கோட்டில் சரியாகக் கிழித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு ஒரு விருது கொடுக்கலாம்.)

இப்போது கதை கொஞ்சம் காசு சம்பந்தப்பட்ட பக்கம் திரும்புகிறது.

அதே விடுதியில் இன்னொரு பையன், காஸ்டிங் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கால்குலேட்டர் வாங்கினான். கெட்டியான பிளாஸ்டிக் குமிழுக்குள் வைத்து, பின்னால் அட்டை ஒட்டி, நாலு பக்கமும் சூடு வைத்து மூடியிருந்தது. கத்தரிக்கோல் உடைந்தது, விரலில் ரத்தம் வந்தது, ஒருவழியாகக் கால்குலேட்டரும் வெளியே வந்தது. ஏழு என்ற பொத்தான் வேலை செய்யவில்லை. மற்ற ஒன்பதும் ஜோராக வேலை செய்தன. ஏழே வராத மாதிரி காஸ்டிங் கணக்குப் போட முடியுமா? கடைக்கு ஓடினான். கடைக்காரர் கால்குலேட்டரைப் பார்க்கவே இல்லை. அட்டையைத்தான் பார்த்தார். "பிரிச்சுட்டீங்களே தம்பி."

பிரிக்காமல் ஏழு வேலை செய்யாதது எப்படித் தெரியும்? பிரித்தால்தான் பழுது தெரியும், பிரித்துவிட்டால் பழுதைச் சொல்லும் உரிமை போய்விடும். சுவரில் பலகையே மாட்டியிருந்தது: 'பிரித்த பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பையன் அந்தப் பருவத்தில்தான் வணிகச் சட்டம் எழுதித் தேறியிருந்தான். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 41-வது பிரிவு என்ன சொல்கிறது? முன்பு பரிசோதித்துப் பார்க்காத சரக்கு ஒருவரிடம் வந்து சேர்ந்தால், அதைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கிற வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. அதாவது, பார்ப்பதற்காகப் பிரிப்பது வேறு, 'இது என்னுடையது' என்று எடுத்துக்கொள்வது வேறு. 42-வது பிரிவு எதெல்லாம் ஏற்றுக்கொண்டதாகும் என்று சொல்கிறது. ஏற்றதாகத் தெரிவித்தால், விற்றவர் இன்னும் உரிமையாளர் என்பதற்குப் பொருந்தாத காரியம் எதையாவது செய்தால், அல்லது வேண்டாம் என்று சொல்லாமலே நியாயமான காலத்துக்குமேல் வைத்துக்கொண்டால். அட்டையைக் கிழித்தாலே கதை முடிந்தது என்று சட்டம் சொல்லவில்லை. பழுதான பொருளை, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிக நடவடிக்கை என்றே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

பத்து மதிப்பெண்ணுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிய இந்த விஷயத்தில் ஒரு வரிகூடக் கடை வாசலில் அவன் வாயிலிருந்து வரவில்லை. "சாரிண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். பரீட்சைக்குப் பக்கத்து அறை அண்ணனின் கால்குலேட்டரை வாங்கிப் போனான். பெரும்பாலான பிரிவுகள் இப்படித்தான் பரீட்சைத் தாளிலேயே தங்கிவிடுகின்றன. ('பிரிவு' என்பதும் அதே சொல்தான்!)

இதற்கு நேர் எதிராக ஒரு கடை உண்டு. பல்பு வாங்கப் போனால் கடைக்காரரே அட்டையிலிருந்து பல்பை எடுத்து, ஹோல்டரில் மாட்டி, எரியவிட்டுக் காட்டி, மறுபடி அட்டைக்குள் போட்டுக் கொடுப்பார். அட்டை பிரிந்தது. ஆனாலும் அது புதுப் பல்பு. இது ஏதோ கடைத்தெரு வழக்கம் என்று நினைத்தால், 1977-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளிலேயே விளக்கமாக எழுதி வைத்திருந்தார்கள். பிரித்ததனால் மட்டும் ஒரு பொருளின் மதிப்போ, அளவோ, தன்மையோ மாறாது என்றால், அது பிரித்த பிறகும் பொட்டலப் பொருள்தான் என்று சொல்லி, உதாரணமாக மின்சார பல்பையும் டியூப் லைட்டையும் குறிப்பிட்டிருந்தார்கள். விதி எழுதிய அதிகாரி பல்புக் கடையில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

பிறகு வந்த 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தில் முன்கூட்டிப் பொட்டலமிட்ட பொருள் எது என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. வாங்குகிறவர் அருகில் இல்லாதபோது, முன்பே தீர்மானித்த அளவில் உள்ளே வைத்த பொருள். சீல் வைத்திருந்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. அண்ணாச்சி கண் எதிரே கட்டியது அந்த விளக்கத்தில் அடங்காது. வாங்குகிறவர் அருகில் இல்லை என்பதுதான் முக்கியம்.

சட்டப் புத்தகத்தில் இல்லாத இன்னொரு வகைப் பெட்டி உண்டு. அதில் விதி தலைகீழ். கட்டியவர் அருகில் இல்லாமல் அதைப் பிரிக்கக்கூடாது.

சங்க இலக்கணத்தில் பாலைத் திணைக்கு உரிப்பொருள் பிரிதல். அதில் ஒரு வகைக்குப் பொருள்வயிற் பிரிவு என்று பேர். பொருள் தேடுவதற்காக வீட்டைப் பிரிந்து போவது. போகிற இடமும் பாலை, வறண்ட நிலம். இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களில் அதே பிரிவுதான் நடக்கிறது. இப்போது பாலைக்கு விமானத்தில் போகிறார்கள். பிரிந்து போனவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், வந்து பெட்டியைப் பிரிப்பார்.

அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பழுப்பு நிற டேப் சுற்றி, அதற்குமேல் நீல நைலான் கயிற்றைச் சதுரம் சதுரமாகப் பின்னி, மார்க்கர் பேனாவால் பேரும் ஊரும் போன் நம்பரும் எழுதிய அட்டைப்பெட்டி. வந்த உடனே பிரிக்க மாட்டார்கள். குளித்து, சாப்பிட்டு, பக்கத்து வீடெல்லாம் வந்து உட்கார்ந்த பிறகுதான். கயிற்றை அறுக்கக்கூடாது, அவிழ்க்க வேண்டும், கொடி கட்ட ஆகும். டேப்புக்கு மட்டும் அரிவாள்மனை. பெட்டி வாய் விட்டதும் ஒரு வாசனை வரும். சோப்பு, சென்ட், பேரீச்சம்பழம், பால்பவுடர் எல்லாம் கலந்த வாசனை. ஊரில் அதற்கு பாரின் வாசனை என்றே பேர். கோடாலித் தைலம் இவருக்கு, டார்ச் அவருக்கு, கம்பளி அப்பாயிக்கு. யாருக்கு எது என்பது கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் அவர் பிரிக்க வேண்டும்.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு வீட்டில் 2020 மார்ச் இரண்டாவது வாரம் இப்படி ஒரு பெட்டி வந்து இறங்கியது. வீட்டுக்காரர் சார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஏப்ரலில் வருவதாக இருந்தார். பெட்டியை முன்னால் கப்பலில் கார்கோ போட்டிருந்தார். அந்த மாதக் கடைசிக்குள் விமானமெல்லாம் நின்றுவிட்டது. ஊரடங்கு. பெட்டி முற்றத்து ஓரம் நின்றது. மே மாதம் அரசாங்கம் சிறப்பு விமானங்கள் விட்டது. பேர் கொடுத்து வைத்தார். முறை வரவில்லை.

"பேரீச்சம்பழம் கெட்டுப்போயிரும், பிரிச்சுக்கங்க" என்று அவரே போனில் சொன்னார். அவர் மனைவி கத்தரிக்கோலோடு பெட்டிப் பக்கம் போனார். அப்பாயி குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். "அவன் வந்து பிரிக்கட்டும் ஆத்தா. பழம் போனா போகட்டும்."

ஜூலைக் கடைசியில் கல்லூரி ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்தது. அந்த வீட்டுப் பெண் பி.காம். இரண்டாம் ஆண்டு. வீட்டில் இருந்தது ஒரே போன். காலையில் தம்பிக்கு பத்தாம் வகுப்புப் பாடம், மதியம் அவளுக்கு. கம்பெனி அக்கவுண்ட்ஸ் கணக்கு அந்தச் சின்னத் திரையில் எறும்பு ஊர்கிற மாதிரித் தெரியும். பெட்டிக்குள் அவளுக்காக அப்பா வாங்கிப் போட்ட பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. பத்தடி தூரத்தில். இடையில் அப்பாயி.

அவள் கோபித்துக்கொண்டாள், இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நம்ம வீட்டுப் பெட்டி, அப்பாவே பிரிக்கச் சொல்றாங்க, இதுல அப்பாயிக்கு என்ன?" அவளுக்கு அது அப்போது தெரியாது. பிறகு அம்மா சொன்னார்.

தொண்ணூறுகளில் அப்பாயியின் கொழுந்தனார் சவூதியில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். உடல் வந்து, காரியமெல்லாம் முடிந்து, இருபது நாள் கழித்து அவருடைய பெட்டி தனியாக வந்தது. யார் பிரிப்பது? ஆண்கள் யாரும் கிட்டே வரவில்லை. அப்பாயியும் அந்தச் சின்ன வயசு ஓரகத்தியும்தான் உட்கார்ந்து பிரித்தார்கள். இரண்டு சட்டை, ஒரு கைலி, முகம் பார்க்கும் கண்ணாடி, பாதி கரைந்த சோப்பு ஒன்று. அந்தச் சோப்பைத்தான் அப்பாயி திரும்பத் திரும்பச் சொல்வாராம். ஆள் வராத பெட்டியைப் பிரிக்கிற வேலை ஒரு தடவை செய்தாயிற்று, இன்னொரு தடவை செய்ய மாட்டேன் என்பது அவர் கட்சி. இதற்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டுவது?

வழியை அப்பாயியே சொன்னார். "அவன் போன்ல மூஞ்சியக் காட்டுறான்ல, அப்படியே பாத்துக்கிட்டு இருக்கட்டும். அவன் சொல்லச் சொல்ல நான் பிரிக்கிறேன். அப்பன்னா அவன் பிரிச்ச மாதிரிதானே?"

ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள் என்று நினைத்து, வீடியோ கால் போட்டார்கள். போனைச் சொம்பில் சாய்த்து வைத்தார்கள். கயிற்றில் ஒன்பது முடிச்சு. அங்கிருந்து அவர் சொல்லச் சொல்ல அப்பாயி ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பினார். "இடது பக்கம் மொத முடிச்சும்மா... அது இல்ல, அதுக்குக் கீழ... அது ரூம்ல இருந்த கேரளாக்காரர் போட்டது, கொஞ்சம் இறுக்கமா இருக்கும்." அரை மணி நேரம் ஆனது. யாரும் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்கவில்லை. டேப்பை மட்டும் தம்பி அறுத்தான்.

வாசனை வந்தது. கொஞ்சம் புளித்த வாசனையும் சேர்ந்து வந்தது, பழம் போயிருந்தது. "லேப்டாப் மேலதான் இருக்கு, கம்பளிக்குள்ள சுத்தி" என்றார் அவர். "அதை மட்டும் எடுத்துக்கங்க. கீழ இருக்கிறதை நான் வந்து பாத்துக்கிறேன்." மகள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சார்ஜர் மாட்ட ஓடினாள். தம்பி பின்னாலேயே ஓடினான். அப்பாயி கெட்டுப்போன பழத்தைக் கொட்ட எழுந்து போனார்.

கம்பளியை மடித்து வைப்பதற்காக அம்மா தூக்கினார். கம்பளிக்குக் கீழே சோப்பு இல்லை, சென்ட் இல்லை. ஏசி கேஸ் பார்க்கிற மீட்டர், ஸ்பேனர் செட், வேலைக்குப் போடும் சட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே, சட்டம் போட்ட முருகன் படம் ஒன்று. அது அவருடைய கட்டிலுக்கு மேலே சுவரில் தொங்குவது. எட்டு வருஷமாக ஒவ்வொரு வீடியோ காலிலும் அவர் தலைக்குப் பின்னால் தெரிந்தது.

அம்மா போனைப் பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால் வெறும் சுவர். ஒரு ஆணி மட்டும் இருந்தது. மார்ச்சிலிருந்து எத்தனை தடவை பேசியிருப்பார்கள், யார் கண்ணிலும் படவில்லை.

அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கம்பளியை மறுபடி மேலே பரப்பி, அட்டையின் நாலு மடிப்பையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி மூடினார். பழத்தைக் கொட்டிவிட்டு வந்த அப்பாயி, "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான் அத்தை. மத்ததை அவுக வந்து பிரிச்சுக்கிடட்டும்."

அக்டோபரில் முறை வந்தது. கையில் ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினார். தனிமைப்படுத்தல் எல்லாம் முடிந்து, வீட்டுக்குள் வந்து, குளித்துச் சாப்பிட்டு முற்றத்தில் உட்கார்ந்தபோது ராத்திரி எட்டு மணி. பெட்டி அதே இடத்தில் இருந்தது. நைலான் கயிறு கொல்லையில் கொடியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"பெட்டியப் பிரிக்கலையா தம்பி?" என்றார் அப்பாயி.

"என்னம்மா அவசரம்? இனிமே இங்கதானே இருக்கப் போறேன்."

அப்பாயி கொஞ்ச நேரம் மகனைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். "அப்பன்னா நாளைக்குப் பிரிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பாயை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டார்.